தடுமாறும் மூளைக்கு ஒரு தெரு

கட்டடக்கலை மாணவர்கள், மாநகராட்சிப் பொறியாளர்கள், முதியோர் நலத்தில் வேலை செய்பவர்கள் என்று மூன்று தரப்பினரும் ஒரே அரங்கில் உட்கார்ந்திருப்பது அபூர்வம். இன்று நான் பேசவிருப்பது மூவருக்கும் பொதுவான ஒரு விஷயம்.

சாலைக்கு ஜல்லி எத்தனை அங்குலம் போட வேண்டும், மழைநீர்க் கால்வாய்க்கு வாட்டம் எவ்வளவு விட வேண்டும் என்பதற்கெல்லாம் நரம்பியல் வேண்டாம். ஆனால் அந்தச் சாலையில் நடக்கிறவர் வழி தவறாமல் வீடு திரும்புவாரா, பத்து நிமிடம் நின்று யாரிடமாவது பேசுவாரா, வீட்டை விட்டு வெளியே வரவே பயப்படுவாரா என்று கேட்டால், அதற்கான விடையில் பாதி அவருடைய மூளைக்குள் இருக்கிறது. கடந்த அரை நூற்றாண்டில் அந்தப் பாதியைப் பற்றி நிறையத் தெரிந்திருக்கிறது. அதையெல்லாம் படித்த பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு ஒன்றுதான்: ஒரு தெருவில் நடப்பவர்களிலேயே யாருடைய மூளை அதிகம் தடுமாறுகிறதோ, அவரை வைத்துத்தான் அந்தத் தெருவைத் திட்டமிட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

1971-இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஜான் ஓ'கீஃப் எலியின் மூளையில் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார். ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் சில செல்கள், எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடித்தன. இன்னோர் இடத்துக்குப் போனால் அவை அடங்கி, வேறு செல்கள் துடித்தன. இவற்றுக்கு இடச்செல்கள் என்று பெயர். 2005-இல் நார்வேயின் ட்ரோண்ட்ஹெய்ம் நகரில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் குழுவினர், பக்கத்திலேயே இருக்கும் எண்டோரைனல் கார்டெக்ஸ் என்ற பகுதியில் இன்னொரு வகைச் செல்களைக் கண்டுபிடித்தார்கள். அவை தரை முழுவதும் சீரான இடைவெளியில், அறுகோண ஒழுங்கில் துடித்தன. இவை கட்டச்செல்கள். எங்கே இருக்கிறோம், எவ்வளவு தூரம் வந்தோம், எந்தப் பக்கம் திரும்பினோம் என்ற கணக்கை இந்த இரண்டு பகுதிகளும் சேர்ந்து போடுகின்றன. மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதருக்கு வருவோம். லண்டனில் கறுப்பு டாக்சி ஓட்ட உரிமம் வேண்டுமென்றால் சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் ஆரத்துக்குள் இருக்கும் ஏறத்தாழ 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். பெரும்பாலானோருக்கு மூன்று நான்கு வருடம் பிடிக்கும். எலினர் மக்வயர் 2000-இல் இந்த ஓட்டுநர்களின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. பிறவியிலேயே அப்படி இருந்தவர்கள்தான் டாக்சி ஓட்ட வந்தார்களோ என்று சந்தேகம் எழுந்தது. அதைத் தீர்க்க, பயிற்சிக்குச் சேர்ந்த 79 பேரைத் தொடக்கத்திலும் சில ஆண்டுகள் கழித்தும் படமெடுத்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். தேர்ச்சி பெற்ற 39 பேருக்கு மட்டும் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. தேர்ச்சி பெறாதவர்களுக்கு மாற்றமில்லை. தெருவைக் கற்பது மூளையின் உருவத்தையே மாற்றுகிறது.

அடுத்த இரண்டு ஆய்வுகள் திட்டமிடுகிறவர்களுக்கு இன்னும் நெருக்கமானவை. 2017-இல் ஹியூகோ ஸ்பியர்ஸ் குழுவினர் லண்டனின் சோஹோ பகுதியைப் படமெடுத்து, ஸ்கேனருக்குள் படுத்திருந்த 24 பேரை அந்தப் படத்தின் வழியே ‘நடக்க’ வைத்தார்கள். தானே வழி தேடியவர் புதிய தெருவுக்குள் நுழையும்போதெல்லாம், அங்கிருந்து எத்தனை கிளைகள் பிரிகின்றனவோ அதற்கேற்ப ஹிப்போகேம்பஸ் விழித்துக்கொண்டது. ‘இடப்புறம் திரும்பு’ என்று கருவி சொல்லச் சொல்லத் திரும்பியவருக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. பிறகு 2022-இல், கைபேசி விளையாட்டு ஒன்றின் மூலம் 38 நாடுகளில் 3,97,162 பேரின் வழியறியும் திறனை அளந்து ஒரு முடிவு வந்தது. சதுரங்கப் பலகை போன்ற நேர்கோட்டுத் தெருக்கள் உள்ள நகரங்களில் வளர்ந்தவர்களைவிட, வளைந்தும் ஒழுங்கற்றும் கிடக்கும் தெருக்களிலும் கிராமப்புறங்களிலும் வளர்ந்தவர்கள் சராசரியாக நன்றாக வழி கண்டுபிடித்தார்கள்.

இதையெல்லாம் கேட்டவுடன் ஒரு கட்டடக்கலை மாணவருக்கு என்ன தோன்றும்? மூளைக்கு வேலை கொடுக்கும்படி, சந்து பொந்தாக, எதிர்பாராத திருப்பங்களோடு நகரை அமைக்கலாமே என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். சோதனைக்கு வந்தவர்கள் நல்ல உடல்நிலையில் இருந்தவர்கள். அதே தெருவில் நடக்கும் இன்னொருவரைப் பற்றியும் தெரிந்துகொண்டு முடிவு செய்வோம்.

1991-இல் ஜெர்மனியின் ஹைகோ பிராக், ஈவா பிராக் இருவரும் அல்சைமர் நோய் மூளையில் எந்த வரிசையில் பரவுகிறது என்று காட்டினார்கள். நோய்க்குரிய மாற்றங்கள் மூளையின் புறணியில் முதன்முதலில் தெரியும் இடங்களில் ஒன்று, கட்டச்செல்கள் இருக்கும் அதே எண்டோரைனல் பகுதிதான். அங்கிருந்து ஹிப்போகேம்பஸுக்குப் பரவுகிறது. அதனால்தான் பலருக்குப் பெயரும் முகமும் மறக்கும் முன்பே வழி தப்புகிறது. தினமும் போகும் பால் பூத்துக்குப் போனவர் திரும்ப வேண்டிய முனையைத் தவறவிடுகிறார். வீட்டார் அதை வயசுக் கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது தடவை நடந்தால் வெளியே விடுவதில்லை. நடமாட்டம் நின்றால் உடல் தளர்கிறது, பேச்சுத் துணை போகிறது, நோய் இன்னும் வேகமாக முற்றுகிறது.

இது யாரோ சிலருடைய பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர், அல்சைமர் உள்ளிட்ட டிமென்ஷியா என்னும் மறதிநோயுடன் வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு கணக்கிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். இப்போது அந்த விகிதம் இன்னும் கூடியிருக்கிறது.

மறதிநோய் உள்ளவர்கள் தெருவில் எப்படி வழி கண்டுபிடிக்கிறார்கள்? இங்கிலாந்தில் எலிசபெத் பர்ட்டன், லின் மிட்செல் என்ற இரு ஆய்வாளர்கள், மறதிநோய் உள்ள முதியவர்களோடு அவர்கள் வழக்கமாகப் போகும் பாதையிலேயே கூட நடந்து, எங்கே தயங்குகிறார்கள், எதைப் பார்த்துத் திரும்புகிறார்கள் என்று கவனித்தார்கள். 2006-இல் அது ‘தெருக்கள் வாழ்நாள் முழுவதற்கும்’ என்ற கருத்தை முன்வைக்கும் நூலாக வந்தது. கண்டவை எளிமையானவை, ஆனால் நம் வரைபடங்களில் இல்லாதவை.

அந்த முதியவர்கள் வரைபடத்தையோ அம்புக்குறிப் பலகையையோ நம்பி நடக்கவில்லை. அடையாளங்களை நம்பினார்கள்: தேவாலயக் கோபுரம், தபால் பெட்டி, பழைய சிவப்புத் தொலைபேசிக் கூண்டு, ஒரு மரம், நிறம் மாறிய ஒரு கதவு. நாலாப்பக்கமும் ஒரே மாதிரி பிரியும் நாற்சந்தியில் குழம்பினார்கள். தெரு முட்டி நின்று இரண்டாகப் பிரியும் இடத்தில் அவ்வளவு குழப்பமில்லை. அங்கே தெரிவுகள் குறைவு, எதிரே பார்க்கவும் ஒன்று இருக்கும். நீண்டு கிடக்கும் நேர்கோட்டுத் தெருக்களைவிட, சிறியதாகவும் மெல்ல வளைந்தும் போகும் தெருக்கள் அவர்களுக்குச் சுலபமாக இருந்தன. காரணம், ஒவ்வொரு வளைவிலும் காட்சி மாறுகிறது, ஒவ்வொரு துண்டும் தனித்து நினைவில் நிற்கிறது.

இப்போது முன்னால் சொன்ன சோஹோ, கைபேசி விளையாட்டு ஆய்வுகளோடு இதை ஒட்டிப் பாருங்கள். ஏழு தெருக்கள் சேரும் சந்தி நல்ல மூளைக்கு விருந்து, தளர்ந்த மூளைக்குத் தண்டனை. அங்கே இரண்டும் மோதுகின்றன. ஆனால் ஒரே மாதிரியான, முகமில்லாத நேர்த் தெருக்களின் விஷயத்தில் இரண்டும் ஒத்துப்போகின்றன: அவை குழந்தையின் மூளையையும் வளர்ப்பதில்லை, முதியவரின் மூளையையும் தாங்குவதில்லை. எனவே நமக்கு வேண்டியது புதிரான தெருவும் அல்ல, சலிப்பூட்டும் தெருவும் அல்ல. ஒவ்வொரு துண்டுக்கும் தனி முகம் இருக்க வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் தெரிவுகள் கொஞ்சமாக இருக்க வேண்டும்.

இந்த முடிவுக்கு எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன்பே வந்தவர் ஒருவர் இருக்கிறார். கெவின் லிஞ்ச் 1960-இல் எழுதிய ‘நகரத்தின் பிம்பம்’ என்ற நூலில், பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலீஸ் மக்களைத் தங்கள் நகரை வரையச் சொல்லி, அவர்கள் மனத்தில் நகரம் ஐந்து பொருள்களால் ஆகியிருக்கிறது என்றார்: பாதைகள், விளிம்புகள், பகுதிகள், சந்திகள், அடையாளங்கள். மூளை அறிவியல் அவர் சொன்னதற்குக் காரணத்தைத்தான் பின்னால் வந்து சேர்த்தது.

லிஞ்சின் ஐந்தும் பொருந்தும் ஒரு நகரம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மதுரையில் கோயிலை நடுவில் வைத்து சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாகத் தெருக்கள் போகின்றன. ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம். வடக்கு மாசி வீதியில் நிற்கிறேன் என்றால், கோயிலிலிருந்து எந்தத் திசையில், எத்தனையாவது சுற்றில் நிற்கிறேன் என்று இரண்டு தகவலும் அந்த முகவரியிலேயே வந்துவிடும். நிமிர்ந்து பார்த்தால் நான்கு திசையிலும் கோபுரம். திசையும் தூரமும் ஒருங்கே தரும் இந்த ஏற்பாடு, எண்டோரைனல் பகுதி போடும் கணக்கின் பாதியை ஊரே போட்டுக் கொடுப்பதற்குச் சமம்.

மதுரையின் உள்வட்டத்தைத் தாண்டி எந்த ஊருக்குப் போனாலும் நாம் வழி சொல்வது அடையாளத்தை வைத்துத்தான். ‘அரசமரத்துப் பிள்ளையார் கோயிலைத் தாண்டுங்க, மாவு மில் வரும், அதுக்கு எதிர்ச்சந்து.’ கதவு எண்ணைச் சொல்லி யாரும் வழி சொல்வதில்லை. ஆனால் சாலையை அகலப்படுத்தும்போது முதலில் போவது அந்த அரசமரம்தான். திட்ட வரைபடத்தில் மின்கம்பம் இருக்கும், ஆள்நுழைக் குழி இருக்கும், குடிநீர்க் குழாய் இருக்கும். பத்தாயிரம் பேர் எதைப் பார்த்துத் திரும்புகிறார்களோ அது இருக்காது. மரத்துக்கு இழப்பீடாகப் பத்துக் கன்று நடுகிறோம். அடையாளத்துக்கு இழப்பீடு கிடையாது.

ஒரே அச்சில் வார்த்த குடியிருப்புகளின் நிலை இன்னும் மோசம். சென்னையின் கண்ணகி நகரில் வரிசை வரிசையாக ஒரே மாதிரி அடுக்குமாடிகள். எழுத்தும் எண்ணும் தவிர ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்ட எதுவும் இருக்கவில்லை. 2020-இல் அங்கே பல மாடி உயரத்துக்குச் சுவரோவியங்கள் வரையப்பட்டன. அழகுக்காக, அந்த இடத்தின் மீதிருந்த இழிவுப் பார்வையை மாற்றுவதற்காக என்று அதைப் பேசினோம். சரிதான். ஆனால் என் பார்வையில் அதன் முதல் பயன் வேறு. முகமில்லாத சுவருக்கு முகம் வந்தது. படிக்கத் தெரியாத பாட்டியும் ஐந்து வயதுப் பிள்ளையும் ‘அந்தப் படம் போட்ட வீடு’ என்று வழி சொல்ல முடியும்.

வழி தெரிந்தால் மட்டும் போதுமா? தெருவில் பயமில்லாமல் இருக்கவும் முடிய வேண்டும். 2011-இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகர ஆய்வாளர்கள், ஸ்கேனருக்குள் ஆளைப் படுக்க வைத்துக் கணக்குப் போடச் சொல்லி, ‘மெதுவாகப் போடுகிறீர்கள், மற்றவர்கள் நன்றாகப் போடுகிறார்கள்’ என்று நெருக்கினார்கள். அப்போது, பெருநகரத்தில் வசிப்பவர்களுக்கு அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா அதிகமாகக் கிளர்ந்தது. நகரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, அந்த அமிக்டலாவைக் கட்டுப்படுத்துவதில் பங்குள்ள வேறொரு பகுதியின் இயக்கம் மாறியிருந்தது. 2022-இல் பெர்லினில் 63 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேரை ஒரு காட்டுக்குள்ளும், மீதிப்பேரை நெரிசலான கடைத்தெருவிலும் ஒரு மணி நேரம் நடக்க விட்டுப் பார்த்தார்கள். காட்டில் நடந்தவர்களின் அமிக்டலா தணிந்திருந்தது. கடைத்தெருவில் நடந்தவர்களுக்கு அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதாவது ஒரு மணி நேரக் கடைத்தெரு கெடுதி செய்தது என்று சொல்ல முடியாது, மரங்கள் நன்மை செய்தன என்று சொல்லலாம்.

வெற்றுச் சுவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவின் காலின் எல்லார்ட் 2011-இல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில், தோலின் மின்கடத்தும் தன்மையை அளக்கும் பட்டையை மணிக்கட்டில் கட்டி மக்களை நடக்க வைத்தார். ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டின் நீளமான மொட்டைச் சுவர் வந்த இடத்தில் உடலின் கிளர்ச்சி இறங்கியது. அந்த இடத்தில் தங்கள் மனநிலையையும் அவர்கள் குறைத்தே மதிப்பிட்டார்கள். கொஞ்சம் தள்ளி, கடைகளும் சாப்பாட்டு இடங்களுமாகக் கதவுகள் அடுத்தடுத்து வந்த இடத்தில் இரண்டும் ஏறின. நம் ஊர்களில் கல்லூரிக்கும் அரசு அலுவலகத்துக்கும் எழுப்பும் அரை கிலோமீட்டர் காம்பவுண்டு சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் மரங்கள் உள்ளே இருப்பவர்களுக்கு, வெளியே நடப்பவருக்குச் சுவரும் சிறுநீர் வாடையும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். மூளைப் படத்துக்கு ஒரு மயக்கும் சக்தி உண்டு. 2008-இல் டீனா வைஸ்பெர்க் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். சில மன நிகழ்வுகளுக்கு நல்ல விளக்கங்களையும் உப்புச் சப்பற்ற விளக்கங்களையும் எழுதி, சிலவற்றில் மட்டும் விஷயத்துக்குச் சம்பந்தமில்லாத மூளைத் தகவல் ஒன்றைச் செருகினார்கள். பொதுமக்களும் மாணவர்களும் மூளைத் தகவல் செருகிய மோசமான விளக்கங்களை, அது இல்லாதவற்றைவிட அதிகம் ஏற்கத்தக்கவை என்று மதிப்பிட்டார்கள். நரம்பியல் நிபுணர்கள் மட்டும் ஏமாறவில்லை. நாளைக்கே ஒரு கட்டுமான நிறுவனம் ‘மூளைக்கு இதமான குடியிருப்பு’ என்று விளம்பரம் செய்தால், அதில் வண்ண வண்ண மூளைப் படம் இருந்தால், நாமும் தலையாட்டுவோம்.

இன்னொன்று. மேலே சொன்ன ஆய்வுகளில் பலவும் சில பத்துப் பேரை வைத்து, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. அமிக்டலா கிளர்ந்தது என்றால் அது இரைச்சலாலா, வாடகைக் கவலையாலா, தனிமையாலா என்று ஸ்கேனர் சொல்லாது. யாருக்குப் பூங்கா, யாருக்கு மேம்பாலத்தின் அடி என்ற கேள்வியையும் அது தீர்க்காது. அது அரசியல் கேள்வி, அரசியலில்தான் தீர வேண்டும்.

ஸ்கேனர் இல்லாமலே தெரிந்துகொள்ளக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. 1970-களில் நியூயார்க்கின் கட்டட முன்றில்களில் மக்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று வில்லியம் ஒயிட் கேமராவை வைத்துப் படம் எடுத்தார். உட்கார இடம் இருக்கும் இடத்தில் மக்கள் உட்காருகிறார்கள் என்பதுதான் அவருடைய புகழ்பெற்ற கண்டுபிடிப்பு. சிரிக்கத் தோன்றும். ஆனால் அந்தக் கவனிப்பின் அடிப்படையில் 1975-இல் நியூயார்க் தன் விதியையே மாற்றி, முன்றிலின் ஒவ்வொரு 30 சதுர அடிக்கும் ஓர் அடி நீள இருக்கை கட்டாயம் என்றது. பொறுமையாகக் கவனித்த ஒரு மனிதரால் ஒரு நகரத்தின் சட்டம் மாறியது. மூளை அறிவியல் நமக்குத் தருவது எங்கே கவனிக்க வேண்டும், யாரைக் கவனிக்க வேண்டும் என்ற குறிப்பு. கவனிக்கும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

பொறியாளர்களிடம் அவர்கள் மொழியிலேயே கேட்கிறேன். ஒரு சாலைத் திருப்பத்தை வரையும்போது எந்த வண்டியைக் கணக்கில் எடுக்கிறீர்கள்? அந்தச் சாலையில் வரக்கூடியவற்றில் திரும்பக் கஷ்டப்படும் நீளமான வண்டியை எடுக்கிறீர்கள். பஸ் திரும்பிவிட்டால் ஆட்டோ தானாகத் திரும்பிவிடும். அதற்கு வடிவமைப்பு வாகனம் என்று பெயரே வைத்திருக்கிறீர்கள். நடைபாதைக்கு அப்படி ஒரு வடிவமைப்பு மனிதர் யார்? இதுவரை எழுதப்படாத விடை, நல்ல கண்ணும் திடமான காலும் கையில் வரைபடக் கைபேசியும் உள்ள முப்பது வயது ஆண். அவருக்கு எந்தத் தெருவும் சரியாகத்தான் இருக்கும். நான் கேட்பது, அந்த இடத்தில் மறதிநோயின் தொடக்கத்தில் இருக்கும் எழுபது வயதுப் பெண்ணை நிறுத்துங்கள் என்று.

அவரை நிறுத்தினால் என்ன மாறும்? பர்ட்டன், மிட்செல் பட்டியலிலிருந்தே சொல்கிறேன். நூறு முதல் நூற்றிருபத்தைந்து மீட்டருக்கு ஓர் இருக்கை, முதுகுச் சாய்வோடும் கைப்பிடியோடும், சூடேறாத பொருளில். நம் வெயிலில் பழுத்துக் கிடக்கும் இரும்புப் பெஞ்சுகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். தரை ஒரே நிறத்தில், மினுமினுப்பு இல்லாமல் இருக்க வேண்டும். பளபளக்கும் கிரானைட்டை மறதிநோய் உள்ளவர்கள் ஈரம் என்று நினைத்துத் தயங்குகிறார்கள், கறுப்புப் பட்டையைப் பள்ளம் என்று நினைத்துத் தாண்டப் பார்க்கிறார்கள். மஞ்சளும் கறுப்புமாகக் கோலம் போட்ட நம் பேவர் பிளாக்குகள் அழகுக்காகப் போட்டவை, சிலருடைய இடுப்பெலும்பு முறிய அதுவே போதும். சாலையைத் தரையிலேயே கடக்க வழி வேண்டும். நாற்பது படி ஏறி இறங்கும் நடைமேம்பாலத்தைக் கட்டிவிட்டு மீடியனை அடைத்தால், அந்த எழுபது வயதுப் பெண்ணுக்கு எதிர்ப்பக்கம் வேற்றூர் ஆகிவிடுகிறது. பெயர்ப் பலகையில் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், பலகை ஒன்றே ஒன்று போதும். ஒரே கம்பத்தில் ஆறு அம்புக்குறி தொங்கினால் படிக்கிறவர் யாருமில்லை.

இவற்றில் எது குழந்தைக்குக் கெடுதி? எது கர்ப்பிணிக்கு, சுமை தூக்குபவருக்கு, ஊருக்குப் புதிதாக வந்த வெளிமாநிலத் தொழிலாளிக்குக் கெடுதி? ஒன்றுமில்லை. பஸ் திரும்பினால் ஆட்டோ திரும்பும் என்ற அதே கணக்குதான்.

கடைசியாக, செய்யக்கூடிய இரண்டு வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன். முதலாவது, எந்தத் தெருவிலும் கைவைப்பதற்கு முன், அந்தத் தெருவின் முதியவர்கள் பத்துப் பேரோடு, அவர்கள் போகும் வேகத்தில், அவர்கள் போகும் பாதையில் ஒரு தடவை நடந்து வாருங்கள். எங்கே நின்றார்கள், எதைப் பார்த்துத் திரும்பினார்கள் என்று குறியுங்கள். இரண்டாவது, அப்படிக் குறித்த அடையாளங்களைத் திட்ட வரைபடத்தில் மின்கம்பத்துக்கும் குழாய்க்கும் பக்கத்திலேயே ஏற்றுங்கள். ஒன்றை அகற்ற வேண்டியிருந்தால், அதே இடத்தில் பார்த்தவுடன் தெரியும் இன்னொன்றை வைக்காமல் ஒப்பந்ததாரருக்குக் கடைசி பில்லைப் பாஸ் செய்யாதீர்கள். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், ஸ்கேனர் வேண்டாம். டெண்டரில் இரண்டு நிபந்தனை சேர்த்தால் போதும், அதைச் சேர்க்கும் அதிகாரம் இந்த அரங்கில் இருக்கும் சிலருடைய கையிலேயே இருக்கிறது.